சீமாட்டியும் நாலு குட்டிகளும்

திருச்சி ஜங்ஷனில் அந்த நாயைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. நடைமேடையின் கோடியில், பெஞ்சுக் காலில் நைலான் கயிற்றால் யாரோ கட்டிப் போட்டிருந்தார்கள். ஓநாய் போன்ற முகம், நீலக் கண்கள், மார்ச் வெயிலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அடர்ந்த ரோமம். ஆளாளுக்குப் பக்கத்தில் குனிந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்களே தவிர, தண்ணீர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மட்டுவார்குழலி டிக்கெட் பரிசோதகர். டியூட்டி முடித்து வண்டியிலிருந்து இறங்கியவள், கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போனாள். சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நாய் மளமளவென்று குடித்து முடித்து, டப்பாவைக் காலால் அவள் பக்கமே தள்ளியது.

"யாரோடதுங்க இது?"

"மத்தியானத்துலேர்ந்து இங்கயேதான் கெடக்கு மேடம்," என்றார் டீ விற்பவர். "கட்டிப்போட்டவங்க ரயிலேறிப் போயிட்டாங்க போல."

ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் குழலிக்கு அதை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் மாட்டேன் என்றார்கள். மூன்றாமவர், "கடிக்காதுன்னா ஏத்துங்க," என்றார். ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை அது சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காவிரிப் பாலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்த கணவன் ஜெய்சங்கர், பாய்லர் ஆலையில் வெல்டர். அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு நாளைக்குதாங்க," என்றாள் குழலி.

அதற்குள் நாய் அவனைத் தாண்டிப் போய், ஃபேனுக்கு நேர் கீழே காலை நீட்டிப் படுத்துவிட்டது. "சரிதான், பெரிய சீமாட்டி!" என்றான் அவன். பெயர் அப்படித்தான் வந்தது.

மறுநாள் தென்னூரில் கால்நடை டாக்டர் குத்புதீனிடம் கூட்டிப் போனார்கள்.

"ஹஸ்கிம்மா. பனியில வண்டி இழுக்கற சாதி. பாக்க அழகா இருக்குன்னு வாங்கிடறாங்க. வெயில் வந்ததும் வச்சுக்க முடியாம இப்படி விட்டுட்டுப் போயிடறாங்க." வயிற்றைத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு நாய் மட்டும் கெடைக்கலம்மா, குடும்பமே கெடைச்சிருக்கு. மாசமா இருக்கு."

ஒரு நாளைக்கு என்ற பேச்சு அத்தோடு போயிற்று. வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை சீமாட்டிக்குப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் பாய் விரித்தார்கள். ஏப்ரலில் அவர்களுடைய கல்யாண ஆல்பம் இருந்த அலமாரிக்கு அடியில் நாலு குட்டிகள் பிறந்தன. ரயில்வேக்காரி வீட்டுக் குட்டிகள். பல்லவன், சோழன், வைகை, உழவன் என்று ரயில்களின் பெயர்களையே வைத்தாள். கடைசியாய் வந்த உழவன் பால் குடிக்கத் திணறியது. குழலி லீவு போட்டு, சொட்டுச் சொட்டாய்ப் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினாள்.

மாடி வீட்டு அழகிரி மாமாவுக்குத்தான் இதெல்லாம் பொறுக்கவில்லை. தினமும் விடியற்காலையில் அவர் பாராயணம் தொடங்கினால், கீழேயிருந்து சீமாட்டி 'ஊ' என்று இழுக்கும்.

"ஏம்மா, இது நன்னாயிருக்கா? பெருமாள் காதுல என் குரல் விழறதா, அதோட குரல் விழறதா?"

"மன்னிச்சுக்குங்க மாமா," என்பாள் குழலி. வேறென்ன சொல்வது?

குட்டிகளுக்கு ஒரு மாதமானதும் சீமாட்டியைக் கொள்ளிடக் கரைக்கு நடக்கக் கூட்டிப் போனார்கள். நடந்தது எங்கே? அது இழுத்த இழுப்பில் குழலி இரண்டு முறை மணலில் விழுந்தாள். "லேசா ஏதாவது இழுக்கக் குடுங்க," என்றார் டாக்டர். ஜெய்சங்கர் கேஸ் சிலிண்டர் தள்ளும் சக்கரப் பலகையைப் பெரிதாக்கி, பழைய கார் சீட் பெல்ட்டில் மார்ப்பட்டை தைத்துப் பூட்டினான். சீமாட்டி வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, ஏறி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார்கள்.

மே மாதத்தில் ஒரு ராத்திரி பேய்க்காற்றோடு கோடை மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் தெருமுனை வேப்பமரம் டிரான்ஸ்ஃபார்மரைச் சாய்த்துக்கொண்டு சாலையின் குறுக்கே கிடந்தது. சாயங்காலம் வரை கரண்ட் வராது என்றார்கள் மின்வாரியத்துக்காரர்கள். மழை விட்ட புழுக்கத்தில் ஏசி அறை அடுப்பாகத் தொடங்கியிருந்தது. குட்டிகளுக்கு நாக்குத் தொங்கி மூச்சு இரைத்தது. உழவன் தலையே தூக்கவில்லை.

ஜெய்சங்கர் ஓடிப்போய்த் திருவானைக்காவல் ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டோ வர வழியில்லை. சுவரோரமாய் ஆள் நுழையும் சந்துதான் இருந்தது.

"குழலி, வண்டிய எடுத்துட்டு வா!" என்று போனில் கத்தினான்.

அவள் வண்டியோடு கிளம்ப, சீமாட்டியும் கூடவே வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மார்ப்பட்டையை மாட்டினாள். பாளங்களை ஏற்றியதும் சீமாட்டி ஐஸை மோந்து பார்த்து, ஒரு நக்கு நக்கியது. அடுத்த கணம் காதுகள் விறைத்தன. முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, ஒரே இழு! வண்டி சந்தில் புகுந்து வெளியே வந்துவிட்டது. குழலி பின்னால் ஓடினாள், ஜெய்சங்கர் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பால் வாங்க வந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள்.

"ஐயோ, மெதுவா, மெதுவாடி!" என்று கத்திய குழலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டு வாசல் வந்ததும் யாரும் சொல்லாமலே வண்டி நின்றது.

ஐஸை அண்டாவில் போட்டு அறை நடுவில் வைத்தார்கள். குட்டிகளை ஈரத்துணியில் கிடத்தினார்கள். கதவருகே நிழல் தட்டிற்று. அழகிரி மாமா, கையில் விசிறியோடு.

"நகருங்கோ," என்று சொல்லி அண்டா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஐஸ் காற்று குட்டிகள் மேல் படும்படி விசிறத் தொடங்கினார். கை வலித்தால் கையை மாற்றிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் உழவன் தள்ளாடி எழுந்து அவர் மடியிலேறி, வேட்டியை நனைத்தது.

"பொழைச்சுது போ!" என்றார் அவர். வேட்டியைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் பாராயணம் தொடங்கியதும் கீழேயிருந்து சீமாட்டி குரல் கொடுத்தது. இந்த முறை நாலு கீச்சுக் குரல்களும் சேர்ந்துகொண்டன. மாடிப்படியில் அவர் தலை தெரிந்தது. குழலி பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா தனியா சொல்லிண்டிருந்தேன்மா. இப்போ கோஷ்டியே சேர்ந்துடுத்து!"

குட்டிகளைக் கேட்டுப் பலர் வந்தார்கள். "உங்க வீடு எந்த ஊர்ல இருக்கு?" என்பதுதான் குழலியின் முதல் கேள்வி. வெயில் ஊர் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். கடைசியில் குன்னூரில் ரயில்வே வேலையிலிருந்த பிலோமின்ராஜ் நேரில் வந்து, பல்லவனையும் சோழனையும் தனக்கும், வைகையைக் கோத்தகிரியிலிருக்கும் தன் தங்கைக்கும் கேட்டார். மூன்றையும் கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டு, குழலி சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். உழவனைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அது இங்கேயே இருந்துவிட்டது.

டிசம்பரில் ஒரு நாள் பிலோமின்ராஜிடமிருந்து போன் வந்தது.

"மேடம், இங்க செம குளிர். கொடியில காயப்போட்ட என் யூனிஃபார்மை சோழன் ஒரு பக்கம், பல்லவன் ஒரு பக்கம் கவ்விக்கிட்டு தோட்டத்தையே சுத்தறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல!"

குழலி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"விடுங்க சார், இழுக்கட்டும். வேணும்னா வேற யூனிஃபார்ம் தச்சுக்குங்க."