பிள்ளையார் சுழி போட்ட ஃபைல்

சின்னமனூரில் ரத்த தானம் என்றால் சீனிச்சாமிதான். ஊர் சொன்னதில்லை, அவரே அடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை, பெருமைக்கு ரத்த தானச் சங்கத்தின் செயலாளர் பதவி. சங்கத்தில் ஒருவன், "வாட்சப் குரூப்பே போதும்ணே" என்றபோது அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"போடா கூறுகெட்டவனே! அவசரத்துக்கு வாட்சப்புல நோண்டிக்கிட்டா இருப்ப? டேட்டாபேஸ்டா! ஒரு தட்டு தட்டுனா ஆளு வந்து நிக்கும்."

அந்தத் தட்டுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஐகான் இருக்கும். அதைத் தட்டினால் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் இருக்கும் ஃபைல் திறக்கும். ஃபைல் எங்கே குடியிருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, ஜெராக்ஸ் மிஷினுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார். ஊர்க் குப்பையெல்லாம் கூட்டும்போது கம்ப்யூட்டருக்குள் மட்டும் குப்பை கிடக்கலாமா? திரையில் இருந்த ஐகான் அத்தனையையும் கூட்டித் தள்ளினார். குச்சனூர் சனீஸ்வரர் படம் மட்டும் பளிச்சென்று நின்றது. கையெடுத்துக் கும்பிட்டார். சனி அப்போதே சிரித்திருக்கும்.

பூஜை முடிந்து கடை திறந்த காலையில் போன் வந்தது. பக்கத்துப் பழக்கடை அருண்பாண்டி. மனைவி பாண்டீஸ்வரியைப் பிரசவத்துக்காகத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான்.

"அண்ணே, பிள்ளை பிறந்துருச்சு. ஆனா அவளுக்கு ரத்தம் நிக்கலங்கிறாக. ஓ நெகட்டிவாம். இங்கன இருந்ததை ஏத்திட்டாக, இன்னும் வேணுமாம். வெரசா ஒரு ஆளு அனுப்புங்கண்ணே." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

"பதறாத. டேட்டாபேஸ் எதுக்கு இருக்கு?" என்றார் சீனிச்சாமி.

திரையில் சனீஸ்வரர் மட்டும் இருந்தார்.

எப்படியோ தடவித் தடவி அந்த டேட்டாபேஸ் சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டார். 'புதிய ஃபைல்' என்றது ஒரு பொத்தான், 'இருக்கிற ஃபைலைத் திற' என்றது இன்னொன்று. அவசரத்தில் முதலாவதை அமுக்கினார். பேர் கேட்டது, 'ரத்தம்' என்று கொடுத்தார். ஃபைல் திறந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

"ஐயோ, அத்தனை பேரையும் அழிச்சுப்புட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகுதான் இரண்டாவது பொத்தான் கண்ணில் பட்டது. அமுக்கினால் ஃபோல்டர்கள் வரிசை கட்டி வந்தன. அப்போது ஞாபகம் வந்தது. சங்கம் தொடங்கிய அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து, ஃபோல்டருக்கு 'உ' என்று பிள்ளையார் சுழியையே பேராக வைத்திருந்தார். பிள்ளையார் சுழி எங்கே இருக்கும்? கல்யாணப் பத்திரிகை ஆனாலும் மளிகைச் சீட்டு ஆனாலும் தலைமாட்டில்தானே? தலைமாட்டைப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ் பெயர்கள். வேறு டிரைவில் போய் அங்கேயும் தலைமாட்டையே பார்த்தார். இப்படியே ஏறி இறங்கியதில் நேரம் ஓடியது. போன் அடித்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

"பிள்ளையாரப்பா, தேங்காய் உடைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டு மவுஸின் சக்கரத்தை வெறுமனே உருட்டினார். வரிசை கீழே இறங்கியது. இங்கிலீஷ் பெயர்கள் எல்லாம் போன பிறகு, அடியோ அடியில், கடைசிப் பந்திக்காரரைப் போலப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அதற்குள்ளே பழைய ஃபைல் பத்திரமாக இருந்தது.

திறந்தார். ஓ நெகட்டிவ் என்று தேடச் சொன்னார். திரையில் மூன்று பெயர்கள் வந்தன.

டீயோடு வந்த மனைவி முனீஸ்வரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஜோதிகா கைப்பிள்ளைக்காரி. சுருளியாண்டி அண்ணன் போன மாசம்தான குடுத்தாக? மொதப் பேரு யாருங்க?"

முதல் பேர் சீனிச்சாமி. சங்கத்துக்கு முதல் ஆளாக இருக்கட்டும் என்று அவரே ஏற்றியது. 'கடைசியாகக் கொடுத்த நாள்' என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. ஊசி என்றால் அவருக்குக் குலை நடுங்கும். ஊரையெல்லாம் படுக்க வைத்துக் குத்தச் சொன்னவர், ஒவ்வொரு முகாமிலும் ஜூஸ் கொடுக்கிற மேசைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

"இதுக்கு ஃபைலை வேற தொறக்கணுமாக்கும்?" என்றாள் முனீஸ்வரி.

சுருக்கென்றது. அருண்பாண்டி 'ஓ நெகட்டிவ்' என்று சொன்ன நொடியிலேயே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூச்சு முட்டத் தேடியிருக்கிறார், வேறு எவனாவது கிடைக்கமாட்டானா என்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டிச் சாவியை எடுத்தார்.

தேனியில் நர்ஸ் ஊசியோடு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குத்தியபோது, "ஆத்தா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணைத் திறக்கும்போது பை நிறைந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய் ஏற்றிய பிறகு, அருண்பாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொழச்சுக்கிட்டாண்ணே! நீங்களே வந்தீகளே! ஆனா ஏண்ணே போனை எடுக்கல? உசிரே போயிருச்சு. ஆளு கெடைக்க இம்புட்டு நேரமா?"

சீனிச்சாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆளு மொதல்லயே கெடைச்சுட்டான்டா," என்றார். "அவனைக் கெளப்பத்தான் நேரமாயிருச்சு."