ரோஷன் பீ போட்ட பாயிண்ட்

கர்நாடகக் காட்டிலிருந்து வேப்பனப்பள்ளிக்கு இறங்கும் யானைகள், ரோஷன் பீ தன் குட்டி ரயிலுக்குப் பாயிண்ட் மாற்றிய பக்கம்தான் திரும்பும். நம்பாதவர்கள் கார்த்திகையில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஓசூர் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், லீவு நாளில் கட்டில் பலகையில் ரயில் ஓட்டுவாள். "கிருஷ்ணகிரிக்கே ரயிலைக் காணோம், இங்க ஒரு ஸ்டேஷன் மாஸ்டரம்மா!" என்று கணவர் நூர் முகமது கிண்டலடிப்பார். அந்த வீம்புக்கே 'கிருஷ்ணகிரி' என்று பெயர் எழுதி ஒரு ஸ்டேஷன் கட்டினாள். அதுதான் அவளுக்கு உயிர். வழி பிரிகிற இடமான பாயிண்டில் தண்டவாளத்தைக் கையால் தள்ளாமல் மோட்டார் தள்ள வேண்டும் என்று, பழைய டிவிடி பிளேயரிலிருந்து விரல்நுனி அளவு மோட்டாரைக் கழற்றிப் பொருத்தினாள். பொத்தானை அழுத்தினால் திருகு சுழன்று தண்டவாள நாக்கு பூப்போல ஒதுங்கும். அடடா, என்ன வேலைப்பாடு! ஆனால் கம்பெனியில் மோட்டாருக்குச் சிவப்பு வயரை வலப்பக்கமே வைத்துப் பழகிய கை, இங்கே மோட்டாரைத் தலைகீழாக மாட்டியிருப்பதை மறந்துவிட்டது. நேர்வழிக்கு அழுத்தினாள், நாக்கு கிளைவழிக்கு நகர்ந்தது.

அந்நேரம் பக்கத்து நிலத்துச் சென்னம்மாவின் ராகியைக் குறிவைத்து வந்த யானைக்கூட்டம், சட்டென்று திரும்பி நூர் முகமதுவின் மாந்தோப்பில் வரிசையாக நின்றது. பலகையில் கிளைவழி அதற்குமேல் போகாமல் அங்கேயே முடிந்திருந்தது. நிற்காமல் என்ன செய்யும்? ரோஷன் பீ வயரை மாற்றினாள். யானைகள் ராகிப் பக்கம் திரும்பின. ஓடிவந்து ஜன்னலில் எட்டிப்பார்த்த சென்னம்மா, பலகையையும் யானைகளையும் மாறிமாறிப் பார்த்து அலறினாள். "ஐயோ, பழையபடி போடுக்கா! வருஷம் முழுக்கப் பிள்ளைங்களுக்குக் களி அதுதான்!" பழையபடி போட்டாள், தோப்பில் கிளைகள் முறிந்தன. "மரமெல்லாம் போச்சுடி" என்று நூர் முகமது தலையில் கைவைத்தார்.

கிளைவழியைச் சுற்றிக் காட்டுக்கே திருப்ப வேண்டும். அதற்கு வேண்டிய தண்டவாளம் அவள் கட்டிய ஸ்டேஷனில் போட்டிருந்தது மட்டும்தான். ரோஷன் பீக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பெயர்த்தாள், அழுதுகொண்டே வளைத்துப் பூட்டினாள். கடைசித் துண்டு சேர்ந்ததும் யானைகள் ஒன்றின்பின் ஒன்றாகத் தோப்பைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே காட்டுக்குப் போயின.

இப்போதெல்லாம் கார்த்திகை பிறந்தால் வனத்துறை ஜீப் வாசலில் நின்று, "பாயிண்ட் போட்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகும். புது ராகியில் கிண்டிய முதல் களி சென்னம்மா வீட்டிலிருந்து இங்கேதான் வரும். ஸ்டேஷனை மறுபடி கட்டவில்லை. ஆனாலும் தோப்போரம், பலகையில் அது இருந்த அதே இடம் வந்ததும் யானைகள் கொஞ்சநேரம் நின்றுதான் புறப்படுகின்றன. நூர் முகமது அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, 'கிருஷ்ணகிரி' என்று போர்டு நட்டு வைத்திருக்கிறார்.