பாட்டு டீச்சருக்கு ஒரு சிபாரிசு

"இன்னும் கொஞ்சம் தூக்குடா. சாகப்போறவ மாதிரி தெரியக்கூடாது."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினான் அவன். போன் திரையில் அவள் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாய் காதோரமாக ஓடியது. அதை மறைக்க முடியுமா என்று அவன் மனைவி சால்வையை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"குழாய் இருந்தா இருக்கட்டும்மா. தலையை மட்டும் ஒழுங்கா வாரு. பரட்டைத் தலையோட பேசினா எவனும் காது குடுக்க மாட்டான்."

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு அவனை மட்டும் வாசல்வரை கூட்டிப்போனார். "இன்னைக்கோ நாளைக்கோ. எங்கேயும் போயிடாதீங்க." அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "மத்தியான மீட்டிங் வரைக்கும் இருப்பேனாமா?"

பெண்கள் கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்து ஓய்வு பெற்றவள். நகரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் இசைப்பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவளும் இருந்தாள். கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒருவர் மேடைக் கச்சேரிகளில் பேர் வாங்கிய பாடகர். மற்றவள் அம்மாவின் கல்லூரியில் ஆய்வகத்துக்கு அடுத்த அறையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்ட பாட்டு டீச்சர்.

அந்த டீச்சரின் பேரை அவன் சின்ன வயதிலிருந்தே திட்டாகத்தான் கேட்டிருக்கிறான். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "மணி அடிச்சப்புறமும் பாட்டு. கணக்கு டீச்சர் என் ரூம்ல வந்து அழறாங்க." அதனால் யாருக்குச் சிபாரிசு செய்யப்போகிறாள் என்று தெரிந்தபோது, காதில் சரியாக விழவில்லையோ என்று அவன் இன்னொரு தடவை கேட்டான்.

"அவளுக்குத்தான்டா. வேற எவளுக்கு?"

திரையில் குழுவினர் ஒவ்வொருவராக வந்தார்கள். தலைவி ஒரு வக்கீல். அந்தக் கல்லூரியில் படித்தவள்தான். "மேடம், உடம்பு எப்படி..." என்று அவள் தொடங்கியதுமே படம் உறைந்தது. வாய் திறந்தபடி நின்றாள் வக்கீல்.

"சிக்னல் போச்சு," என்றான் அவன்.

"எங்க கிடைக்கும்?"

"ஜன்னல்கிட்ட நல்லா வரும்."

"அப்ப ஜன்னலுக்குத் தள்ளு."

"போனையா?"

"என்னைத்தான்டா."

வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். சக்கரம் இருந்தது, ஒன்று மட்டும் சுற்றாது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிற நர்ஸ் வேண்டாம் வேண்டாம் என்றபடியே ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள். மனைவி கால்மாட்டில், அவன் தலைமாட்டில். கட்டில் கிளம்பி நேரே போகாமல் அலமாரியைப் பார்த்துத் திரும்பியது. அதில் இடித்து நின்றது. மேலே இருந்த பவுடர் டப்பா விழுந்து உருண்டது.

"ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தர்றான். கட்டில் ஓட்ட வரலை," என்றாள் அம்மா. அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். அம்மா சிரிக்கப்போய் இருமல் வந்தது, நர்ஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா கையை மட்டும் ஆட்டினாள். தள்ளு, தள்ளு.

ஜன்னலோரம் வெளிச்சமாக இருந்தது. வக்கீலின் வாய் மூடித் திறந்தது.

"மேடம், கேக்குதா? நாங்க ஓரளவுக்குப் பேசி முடிச்சிட்டோம். அவருக்கு நல்ல பேர் இருக்கு. புதுப் பள்ளிக்கூடம், நாலு பேர் தேடி வரணுமில்ல? உங்க டீச்சரைப் பத்தி வெளியே யாருக்கும் தெரியாது. வயசும் ஆயிடுச்சு."

"எனக்கும்தான் ஆயிடுச்சு. பேசிட்டுத்தானே இருக்கேன்?"

யாரோ கனைத்தார்கள். அம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் காற்றுக்காக நிற்க வேண்டியிருந்தது. அவள் நிற்கும்போதெல்லாம் அவனுடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கைத் தேடுகிற கால்.

"அவர் பாடுவாரு. ரொம்ப நல்லாவே பாடுவாரு. உங்களுக்கு வேண்டியது பாட வைக்கிற ஆளு. என்னைப் பாட வச்சா இவ."

"நீங்க பாடுவீங்களா மேடம்?"

"மாட்டேன். அத்தனை வருஷமும் காலைப் பிரார்த்தனையில சும்மா வாயசைச்சிட்டு நின்னவ நான். ஒருத்தருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ரிட்டயர் ஆகிற வருஷம் என் ரூமுக்கு வந்தா. கதவைச் சாத்தினா. 'மேடம், உங்ககிட்ட மூணு சுரம் சரியா நிக்குது. மூணு போதும்'னா. நான் வெளியே போன்னு சொன்னேன். மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும். அந்த மூணு சுரத்துக்குள்ளயே எனக்குன்னு ஒரு பாட்டுக் கட்டியிருந்தா."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிரிவு உபசார விழாவில் அம்மா பாடியதாக யாரோ சொல்லி, அவன் நம்பாமல் விட்டிருந்தான். அன்றைக்கு அவன் தாமதமாகப் போனான். சாப்பாட்டுப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தான்.

"எந்தப் பாட்டு மேடம்?" திரையின் மூலையில் இருந்த ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டாரோ என்னவோ.

அம்மா கண்ணை மூடினாள். நர்ஸ் எழுந்து நின்றாள்.

"மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போகலாம் வாங்க."

குரல் பழைய கதவு மாதிரி இருந்தது. ஆனால் மூன்றிடத்திலும் போய்ச் சரியாக நின்றது. 'வாங்க'வில் காற்று போதவில்லை. அவள் நிறுத்தினாள், இழுத்தாள், மறுபடி அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து முடித்தாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மணி அடிச்சாச்சுன்னு நான் தினம் கத்துவேன்ல, அதைக் கிண்டல் பண்ணிக் கட்டினது. அதை என் வாயாலயே ஆயிரம் பேர் முன்னாடி பாட வச்சா. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்."

வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டினாள். "நாங்க கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்றோம் மேடம்," என்றாள்.

"நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கும்மா. இன்னைக்கே சொல்லிடு."

அவன் கால் தரையை விட்டு எழவேயில்லை. வக்கீல் அந்தக் குழாயையும் தலையணைகளையும் அப்போதுதான் பார்த்தவள்போலப் பார்த்தாள். "சரி மேடம். இன்னைக்கே."

அழைப்பு வரும்வரை அம்மாவைப் படுக்கவைக்க முடியவில்லை. கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. போனைத் தன் மடியிலேயே வைக்கச் சொன்னாள். "அவ வந்துட்டா முதல் வாரமே மணி அடிக்கிறவரோட சண்டை போடுவா, பாரு. சாவியைத் தொலைப்பா. பியூனையும் பாட வச்சிருவா." மருமகளிடம் காபி கேட்டாள். இரண்டு நாளாக எதுவும் கேட்காதவள். ஒரு ஸ்பூன் உள்ளே போனது. சர்க்கரை குறைச்சல் என்றாள்.

போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அவங்களையே எடுத்துக்கிட்டோம் மேடம். எல்லாருக்கும் சம்மதம். சாயங்காலம் அவங்களுக்குத் தகவல் சொல்லிடறோம்."

மனைவி அவன் தோளில் அடித்தாள். நர்ஸுக்கு அந்த டீச்சர் யாரென்றே தெரியாது, அவளும் கைதட்டினாள். அம்மா மட்டும் மீட்டிங்கை முடிக்கிற குரலில், "நல்லது. என் பேரு எங்கேயும் வரக்கூடாது," என்றாள்.

"ஏன் அத்தை? தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்களே."

"நன்றி வந்துட்டா அப்புறம் என்கிட்ட சண்டை போட மாட்டா."

"இனிமே எங்க அத்தை சண்டை போட..." என்று ஆரம்பித்த மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அம்மா அவளைப் பார்த்துத் தலையாட்டினாள், தெரியும் என்பதுபோல. பிறகு தலையணைகளை எடுக்கச் சொன்னாள்.

சமையலறையில் மனைவி காபி கலந்தாள். கட்டில் அலமாரியைப் பார்த்துத் திரும்பியதை அவன் நடித்துக் காட்டினான். "நீ ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்..." அவளுக்குக் கையிலிருந்த டம்ளர் தளும்பியது. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நர்ஸ் வந்து வாசலில் நின்றாள். கூப்பிடவில்லை, நின்றாள். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் சற்று நேரம் அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. பாட்டு டீச்சர் கல்லூரியிலிருந்து நேரே வந்திருந்தாள், தோளில் பையோடு. அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை. எதையோ சொல்ல வந்து வாய்ப்புக் கிடைக்காதவள்போல நின்றுகொண்டிருந்தாள். பைக்குள் அவள் போன் அடித்தது. அவசரமாக வெளியே போய்ப் பேசிவிட்டு, உடனே திரும்பினாள்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ஒரு வேலை விஷயம். இன்னைக்கு வேண்டாம், அப்புறம் பேசறேன்னு வச்சிட்டேன்."

"இசைப்பள்ளியா டீச்சர்?"

அவள் நிமிர்ந்தாள். "மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

அவன் வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"என்னைப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"இல்லை டீச்சர். சொல்லலை."

"அதானே," என்றாள் அவள். உதட்டோரம் லேசாக அசைந்தது. பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"போன் பண்ணி, வேலைக்கு வர்றேன்னு சொல்லிடுங்க டீச்சர்," என்றான் அவன். "தள்ளிப்போடாதீங்க. இப்பவே."

"இங்க இருந்தா?"

"இங்க இருந்தேதான்."

அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் இறங்கி, திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எண்ணை அழுத்தினாள். வந்தவர்களுக்குக் கீழே வாசலில் போட மேல்வீட்டுக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அவன் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான். மேல்வீட்டுக்காரர் ஏன் என்று கேட்காமல் அப்படியே நின்றார், ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக. கீழே டீச்சர், "ஆமாங்க, நான்தான் பேசறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.