பலகை மரம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில், ஆடி மாதம் இரண்டாம் வெள்ளியன்று, நிலாவொளி செராமிக்ஸ் கம்பெனியின் பெயர்ப்பலகை ஒன்று துளிர்விட்டது. அன்று தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய். துளிரை முதலில் பார்த்தவள் வீராயி. இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான் என்பதால் பெரிதாக வியக்கவில்லை. ஊற்றினால் துளிர்க்கத்தானே செய்யும் என்று அடுத்த பலகைக்குப் போனாள்.

வைகாசியில்தான் கம்பெனியின் மரம் நடு விழா அங்கே நடந்தது. வீட்டு மின்சாரப் பெட்டிக்குப் பீங்கான் பீஸ் கட்டை செய்யும் கம்பெனி அது. நிலைத்த வளர்ச்சி, மக்கள் பங்களிப்பு என்று பேனர் கட்டி, அக்கம்பக்கத் தெருப் பெண்களை வரவழைத்து, ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். முழங்கால் ஆழத்தில் அறுபது குழி வெட்டி, எருவும் போட்டிருந்தார்கள். 'உபயம்: நிலாவொளி செராமிக்ஸ்' என்று எழுதி, சொந்தச் சூளையில் சுட்டெடுத்த ஆளுயரப் பீங்கான் பலகைகள் படத்தில் சாயாமல் நிற்க வேண்டும் என்பதால், குழிக்குள் பலகைகளை இறக்கினார்கள். கன்றுகளைக் கறுப்புப் பையோடு பக்கத்தில் வைத்தார்கள். பையைக் கிழிக்க முடியாது. அதே கன்றுகளுக்கு அன்று மாலை சேத்தியாத்தோப்பில் இன்னொரு விழா இருந்தது. படம் முடிந்ததும் டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போனது. மேனேஜர் கோதண்டபாணி வீராயியை மூன்று வருடத்துக்கு மாதச் சம்பளத்தில் அமர்த்தி, தினமும் குழிக்கு இரண்டு குடம், ஒன்றுகூட விடாமல் ஊற்றச் சொல்லிவிட்டு வண்டியேறினார். பதினோரு வருடம் அதே சூளைக்குக் களிமண் சுமந்து, மழை பெய்த நாளெல்லாம் கூலியில்லாமல் உட்கார்ந்தவளுக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம். மறுநாள் காலையில் அங்கே பலகைகள்தான் நின்றன. அவற்றுக்கு ஊற்றினாள்.

துளிர் விட்டதும் பழி சூளைக்காரன் பக்கிரி மேல் விழுந்தது. பச்சை மண் முளைக்கும், வெந்த மண் முளைக்குமா, அரைவேக்காட்டில் இறக்கிவிட்டான் என்று கம்பெனியில் பேசினார்கள். நான்காம் நாள் பக்கிரி ஏரிக்கரைக்கு வந்து, பலகையை விரலால் சுண்டிப் பார்த்தான். கணீரென்றது. வேக்காடு சரி, மற்றதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐப்பசிக்குள் பலகைகள் இரண்டாள் உயரம் வளர்ந்தன. ஒவ்வொரு இலையிலும் 'உபயம்' என்று இருந்தது. காற்றடித்தால் கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. மார்கழியில் பீஸ் கட்டைகள் காய்த்தன. ஊர்க்காரர்கள் வேண்டியதைப் பறித்துக்கொண்டார்கள். தங்கம்மாளின் வெள்ளாடு கீழ்க்கிளைகளை மேய்ந்து, தை மாதம் விலாவில் 'உபயம்' என்ற எழுத்தோடு ஒரு குட்டி போட்டது. கோதண்டபாணி குட்டியைப் படமெடுத்து, ஆண்டறிக்கையில் கால்நடை மேம்பாடு என்ற தலைப்பில் சேர்த்தார்.

பங்குனியில் கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து பூர்ணிமா என்ற அதிகாரி, நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ண வருவதாகக் கடிதம் வந்தது. பிழைக்காவிட்டால் திட்டம் அன்றோடு சரி. கோதண்டபாணி நேராக வீராயியிடம் வந்தார்.

"நீ தண்ணி ஊத்தல, செடி பட்டுப்போச்சுன்னு எழுதிடறேன். மனசுல வச்சிக்காத."

"நட்டிருந்தாதான சார் பட்டுப்போவும்?"

எதற்கும் இருக்கட்டும் என்று கோதண்டபாணி டெம்போ அனுப்பிக் கன்றுகளை வரவழைத்தார். ஒன்பது விழா பார்த்த களைப்பில் அவை தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

பூர்ணிமா உச்சி வெயிலில் வந்தார். பைக்குள் இருந்த கன்றுகளைப் பார்த்தார். பிறகு நிழல் தேடி மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார்.

"இது என்ன மரம்மா?"

"பலகை மரங்க, மேடம்."

"நாட்டு ரகமா, வெளிநாடா?"

வீராயி அடிமரத்தைத் தட்டினாள். "இந்த ஊரு களிமண்ணுதாங்க. நான் சொமந்து போட்டதுதான்."

நாட்டு ரகம் என்ற கட்டத்தில் பூர்ணிமா டிக் அடித்தார். அறுபதுக்கு அறுபது பிழைத்திருந்தன. வீராயியின் வேலை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீண்டது. ஒரே ஒரு குறையைத்தான் எழுதினார்: விதிப்படி ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஓர் அடையாளம் வேண்டும். அறுபது பலகை சுட்டுவிடலாம் என்று கோதண்டபாணி ஆரம்பித்தார். அதுவும் முளைக்கும், இடம் பத்தாது என்று வீராயி தடுத்துவிட்டாள்.

அதனால் அடையாளத்துக்கு அந்தக் கன்றுகளையே நட்டார்கள். பையைக் கிழித்தது வீராயிதான். இப்போது தினமும் மரத்துக்கு இரண்டு குடம், அடையாளத்துக்கு ஒரு குடம் ஊற்றுகிறாள்.