இரண்டாவது அடி

1974 ஆகஸ்ட் 6, செவ்வாய். நேற்று மாலை வகுப்பில் தப்பாக எழுதிவிட்டேன். மூளை அதட்டினால் ஒவ்வொரு தசைநாரும் கூடுதலாக இழுக்கும் என்றேன். அது சரியில்லை. நரம்பு எத்தனை நார்களைக் கூப்பிடுகிறது, எவ்வளவு அடுத்தடுத்துக் கூப்பிடுகிறது என்பதில்தான் பலம். சின்ன வேலைக்குச் சின்ன நார்கள் போதும். பெரிய நார்கள் கடைசியில்தான் வரும்.

கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் சாப்பாட்டு வேளையில் ஆதிகேசவன் இதை எழுதி முடிக்கவும் சாலமோன் நோட்டைப் பிடுங்கினான்.

"இன்னாடா, கலெக்டராவப் போறியா? நரம்பப் பத்தி எழுதிக்கினு கீற. உனுக்கு கீதா அது?"

"குடுண்ணா, வோணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆதிகேசவன் எட்டிப் பிடுங்கப் போனான். சாலமோன் விட்ட அறையில் அவன் உதடு கிழிந்தது. அவன் கை தரையில் கிடந்த இரும்புக் குழாயைத் தேடிப் போயிற்று. மேஸ்திரி பரசுராமன் குறுக்கே பாய்ந்து தடுத்தார்; நோட்டையும் வாங்கிக் கொடுத்தார்.

"உன் கைய ஒடிக்காம உடமாட்டேன்டா!" என்று ஆதிகேசவன் பட்டறையே கேட்கக் கத்தினான்.

சாயங்காலம் மழைத்தண்ணீர் உள்ளே வந்திருந்தது. ஈரத்தில் வெறுங்காலோடு நின்று சாலமோன் துளைபோடும் மிஷினைத் தூக்கினான். ஒயர் எங்கோ நைந்திருந்தது. அவன் கத்தவில்லை. பல் கிட்டி, உடம்பு வெடவெடத்தது. விரல்கள் மிஷினை நெரித்தன.

பிடித்திழுக்க ஓடிய பரசுராமனை ஆதிகேசவன் தோளால் இடித்துத் தள்ளினான்.

"தொடாத மேஸ்திரி! அவரு புடிக்கல, கரண்டு புடிக்க வைக்குது. மெயின நிறுத்து!"

மெயின் சுவிட்ச் பட்டறையின் மறுகோடியில் இருந்தது. அவர் எழுந்து ஓடினார். அதுவரை சாலமோன் தாங்குவானா? அந்தக் கையின் நார்களை மின்சாரம் மொத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திறக்கும் நார்களைவிட மூடும் நார்களுக்கே பலம் அதிகம். ஆதிகேசவன் உலர்ந்த பலகை ஒன்றை எடுத்து மணிக்கட்டில் அடித்தான். பயந்து அடித்த அடி. பிடி விடவில்லை. தோல் கருகும் நாற்றம் வந்தது.

இரண்டாவது அடி தோளிலிருந்து வந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மிஷின் ஒருபக்கம் தெறிக்க, சாலமோன் ஒருபக்கம் விழுந்தான். மூச்சு இருந்தது.

"சொன்னாப்பலயே ஒடிச்சிட்டாம்பா," என்றான் கூட வேலை செய்யும் கலியன்.

லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாலமோன் கண் திறந்தான்.

"மொத அடி என்னக் காப்பாத்த அடிச்ச. ரெண்டாவது?"

ஆதிகேசவன் தன் கையைப் பார்த்தான். அந்தப் பெரிய நார்களைக் கூப்பிட்டது எது? கருகிய நாற்றமா, மத்தியானம் வாங்கிய அறையா?

"தெரிலண்ணா."

"தெரிலன்னு சொல்றதுக்கா சாயங்காலக் கிளாஸு?" சாலமோன் சிரிக்கப் போய் வலியில் முனகினான். "சோத்துக்கை போச்சு. இனிமே எவன்டா ஊட்டுவான்?"

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே ஆதிகேசவன் அதே பக்கத்தின் அடியில் எழுதினான்.

நாளை: ஷிஃப்டுக்கு முன்னால் இட்லி வாங்கிப் போய் சாலமோனுக்கு ஊட்ட வேண்டும்.