நுரைக்கு ஒரு பாத்திரம்

எழுந்தான். பால் பாக்கெட்டை வாசலிலிருந்து எடுத்து வந்து அடுப்பில் ஏற்றினான். பால் பொங்குவதற்குள் பல் தேய்த்து முடித்தான். பாப்பாவை எழுப்பினான். அவள் கண்ணைத் திறக்காமலே குளியலறை வரை நடந்து வந்து, கண்ணைத் திறக்காமலே திரும்பிப் போனாள். சன்னலைத் திறந்தான். குப்பைக் கூடையை வெளியே வைத்தான்.

முன்பெல்லாம் இதில் பாதியை அவன் மனைவி செய்வாள். அவள் போன பிறகு, உதவிக்கென்று வந்து தங்கிய மாமியார் முக்கால்வாசியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை அவன் செய்தான், சாவி கொடுத்துவிட்ட பொம்மை மாதிரி.

இன்று ஒரு வேலை கூடுதல். சவரம்.

நகரத்துக் குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவனுக்கு வேலை. குளோரின் உருளைகள் இருக்கும் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் போகக் கூடாது. கவசத்தின் ரப்பர் விளிம்பு தோலோடு தோலாக ஒட்ட வேண்டும். நடுவில் தாடி இருந்தால் காற்று உள்ளே வரும். வெறும் காற்று மட்டும் வராது. மேற்பார்வையாளர் நேற்று போனில் சொல்லியிருந்தார்: "துக்கம் புரியுது தம்பி. எனக்குப் புரியும், குளோரினுக்குப் புரியாது. மழமழன்னு வந்து சேரு."

கண்ணாடிக்குக் கீழே பிரஷ் இருந்தது. சோப்பு இருந்தது. நுரை கலக்கும் கிண்ணத்தைக் காணோம். நீலப் பீங்கான், கனமான அடி, உள்ளே லேசான சொரசொரப்பு. கல்யாணமான புதிதில் மனைவி வாங்கி வந்தது.

"அத்தை, என் நீலக் கிண்ணத்தைப் பாத்தீங்களா?"

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் குரல் மட்டும் வந்தது. "அதுவா... ஒதுங்க வைக்கும்போது எங்கயோ வெச்சேன். ஒரு மக்குல கலக்கிக்கோங்களேன் மாப்பிள்ளை. கிண்ணமா மக்கான்னு மூஞ்சிக்குத் தெரியவா போகுது."

மக்கை எடுத்தான். பிளாஸ்டிக்குக்குக் கனம் இல்லை. பிரஷைச் சுழற்றினால் மக்கும் கூடவே சுழன்றது. ஒரு கையால் இறுக்கிப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கியது. வந்தது நுரை இல்லை, வெறும் குமிழி. துணி துவைத்த தண்ணீர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிப் போனது.

அடுத்து, மேசைமேல் இருந்த கண்ணாடிக் கோப்பை. வெந்நீரை ஊற்றினான். டிக் என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடி வரை முடி போல ஒரு கோடு இறங்கியது. கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தான். பிறகு கோப்பையைக் குப்பையில் போட்டான்.

சமையலறைக்கு வந்தான். பாத்திர அலமாரியைத் திறந்தான்.

அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த தாள் பழுத்து மங்கிப் போயிருந்தது. பாத்திரங்கள் நின்ற இடங்கள் மட்டும் பூப்போட்ட நிறம் மாறாமல் வட்ட வட்டமாகத் தெரிந்தன. பெரிய வட்டம், மனைவி மாவு பிசையும் பாத்திரம். அதற்குப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த கிண்ணங்கள். ஓரத்தில் ஒரு குட்டி வட்டம், பாப்பாவின் தட்டு. வட்டங்கள் இருந்தன. பாத்திரங்கள் இல்லை.

ஞாயிறுதோறும் மச்சினன் வருவான். வெறுங்கையோடு வருவான், பையோடு போவான். "அவ ஞாபகமா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறோம் மாப்பிள்ளை" என்று ஒவ்வொரு முறையும் மாமியார் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் இவன் தலையை ஆட்டினான். ஆட்டியது நினைவிருக்கிறது. எதற்கு ஆட்டினான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

மேல்தட்டைத் துழாவினான். அவனுக்கு வேண்டியது மனைவியின் எவர்சில்வர் டம்ளர். ஆஸ்பத்திரியில் அவளோடு தங்கியிருந்தபோது நுரை கலக்க வேறு எதுவும் கிடைக்காமல் அதில்தான் கலக்கினான். தடித்த அடி, பிரஷ் கச்சிதமாகப் புகும் வாய். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது பாப்பா அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள். வேறு எதில் கொடுத்தாலும் வாயை மூடிக்கொள்வாள்.

டம்ளர் அங்கே இல்லை.

"பாப்பா, உன் டம்ளர் எங்கம்மா?"

கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள் பாப்பா. காலை மாற்றி மாட்டியிருந்தாள். "பையில தூங்குது."

"ஷூ எதுக்கு?"

"மாமா வீட்டுக்குப் போறோம்ல. எனக்கு அங்க கட்டில் வந்தாச்சு. ரோஸ் கலர்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "உனக்கு வரலப்பா."

பாப்பாவின் துணி அலமாரியைப் போய்த் திறந்தான். அடியில் ஒற்றைக் காலுறை கிடந்தது. அறைக் கதவைச் சாத்திப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன, கண்ணாமூச்சி ஆடுகிறவர்கள் மாதிரி. மேல் பையின் வாயிலிருந்து பாப்பாவின் மழைக்கோட்டு எட்டிப் பார்த்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

நாலு நாள் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் மாமியார் சொல்லியிருந்தார். அதற்கும் தலையாட்டியிருந்தான்.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கால்கள் திரும்பச் சமையலறைக்கே போயின. அடுப்புக்குப் பக்கத்தில் பூண்டு நசுக்கும் சின்னக் கல் உரல் இருந்தது. தூக்கிப் போகக் கனம் என்று விட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கழுவினான். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றினான். நீரைக் கொட்டிவிட்டுச் சோப்பைத் தேய்த்துப் பிரஷைச் சுழற்றினான். உரல் அசையவில்லை. கல்லின் சொரசொரப்பில் நுரை கெட்டியாகத் திரண்டு வந்தது. குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு கன்னத்திலும் பூசினான். பூண்டு நெடி அடித்தது. இடக் கன்னத்தை மழித்தான்.  

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

மாமியார் குளியலறை வாசலில் வந்து நின்றார். உரலைப் பார்த்துச் சிரித்தே விட்டார். "நல்லாத்தான் இருக்கு போங்க. பூண்டு வாசத்தோட அந்த மாஸ்க்கைப் போட்டா, குளோரின் வேற தனியா வேணுமா, நீங்களே மயங்கி விழுந்துடுவீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் முடிங்க. பாப்பாவுக்கு டாட்டா காட்டணும்ல."

"மழைக்கோட்டு எதுக்கு அத்தை?"

சிரிப்பு நின்றது. "எதுக்கும் இருக்கட்டும்னு."

"கட்டில்?"

"மாப்பிள்ளை." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். கை காய்ந்துதான் இருந்தது. "உங்க நிலைமையை நீங்களே பாருங்க. குளிச்சீங்களா சாப்பிட்டீங்களான்னு நான்தான் கேக்க வேண்டியிருக்கு. ஷிஃப்ட் வேற. பொட்டைப் புள்ளைக்கு யாரு தலை வாருவா? இது என் ஆசையா? அவ சொல்லிட்டுப் போனது. கடைசியா என் கையைப் பிடிச்சிக்கிட்டு, 'அம்மா, பாப்பாவை நீயே வளத்துடு, அவரால முடியாது'ன்னு சொன்னா."

இந்த வாக்கியம் அவனுக்குத் தெரியும். அது வளர்ந்த விதமும் தெரியும். முதலில் துக்கம் கேட்க வந்தவர்களிடம், "அம்மான்னு வாயசைச்சா" என்றார். அடுத்து வந்தவர்களிடம், "அம்மா, பாப்பான்னு சொன்னா." பக்கத்து வீட்டு அம்மாவிடம் போகும்போது 'நீயே வளத்துடு' சேர்ந்திருந்தது. 'அவரால முடியாது' இன்றைக்குத்தான் புதிது. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு கட்டத்தில் அப்படித்தான் நடந்ததோ என்று நம்பவும் தொடங்கியிருந்தான். தன்னால் முடியாது என்பதை நம்புவது சுலபமாகவும் இருந்தது.

மச்சினன் உள்ளே வந்து பைகளைத் தோளில் மாட்டத் தொடங்கினான். "அத்தான், வெயில் ஏறதுக்குள்ள கிளம்பிடறோம். நீங்களும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்." இவன் கண்ணைப் பார்க்காமல் பையின் வாரையே பார்த்துப் பேசினான்.

"தண்ணி" என்றாள் பாப்பா.

மாமியார் கைக்குக் கிடைத்த கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வழியில தரேன் தங்கம். அது உள்ள போயிடுச்சு."

"இப்ப வேணும்."

பாதி முகம் நுரையோடு அவன் கூடத்துக்கு வந்தான். கையில் இருந்த சவரக் கத்தியை எட்டாத உயரத்தில், அலமாரி மேல் வைத்தான். மச்சினனின் தோளிலிருந்து பையை இறக்கினான். மச்சினன் தடுக்கவில்லை. மழைக்கோட்டை வெளியே எடுத்து வைத்தான். ஸ்வெட்டர், தட்டு, பொம்மை. அடியில், பாப்பாவின் துண்டில் சுற்றிய நீலக் கிண்ணம். அதற்குள் டம்ளர்.

"இது என்ன அத்தை, இதையுமா?"

"அவ வாங்கினது" என்றார் மாமியார். 

டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். பாப்பா இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். இவன் முகத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பா, நீ பாதிதான் இருக்க" என்றாள்.

"பாப்பா எங்கயும் வரலை" என்றான் அவன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னான்.

"அவ சொன்ன சொல்லு..."

"நீங்க வந்து சேர்ந்தப்ப அவ தொண்டையில குழாய் இருந்துச்சு அத்தை. அவளால பேச முடியாது. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

மாமியார் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். மச்சினன் அடுத்த தோளில் இருந்த பையையும் சத்தமில்லாமல் கீழே வைத்தான். வெளியே காரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வலக் கன்னத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது.

"கையைப் பிடிச்சா" என்றார் மாமியார். "அது பொய்யில்ல."

"பிடிச்சா."

"அப்ப என்னதான் சொன்னா? கடைசியா. உங்ககிட்டயாவது."

அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவள் கடைசியாகப் பேசியது குழாய் போடுவதற்கு முந்தைய காலை. மறுநாள் பாப்பாவை அழைத்து வரலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவன் சவரம் முடித்து, பிரஷை டம்ளருக்குள்ளேயே நிறுத்தி, சன்னல் ஓரத்தில் வைத்தான். அவள் தலையணையிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"பெருசா ஒண்ணும் இல்ல அத்தை" என்றான். அவள் சொன்னபடியே சொன்னான்.

"அப்படியே வெச்சிடாதப்பா, டம்ளரை நல்லா கழுவு. சோப்பு வாசம் இருந்தா பாப்பா குடிக்க மாட்டா."