தென்துருவத்து அளப்பு

“செத்தாலும் நான் படுக்க மாட்டேன் வே. தென்துருவத்துல தெனம் முப்பதடி நடந்துகிட்டேதான் இருப்பேன்!”

பவுல்பாண்டியன் கன்னத்துச் சோப்பு நுரையோடு துள்ளியதில், சவரம் செய்துகொண்டிருந்த அவர் மனைவி ஞானபாய் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுத் தறிக்காரர் அய்யாத்துரை சிரித்த சிரிப்பில் சங்கரன்கோவில் விசைத்தறிச் சத்தமெல்லாம் அமுங்கிப்போயிற்று.

“அளக்காதீரும் வே. மக ஐஸை அளக்கா, நீரு ஊரையே அளக்கீரு.”

மகள் ஜாய்ஸின் வேலையே அதுதான். அங்கே பனிப்பாளம் ஆறு மாதிரி தினம் முப்பதடி நகருகிறது. அதில் கம்பு நட்டு வேகத்தை அளப்பாள். நாளை எதுவரை போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். ஒரு கம்புக்கு அப்பா பெயரையே வைத்துவிட்டாள். பவுல்பாண்டியன் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் வரைக்கும் போய்ச் சொல்லியாயிற்று. ஒருத்தரும் நம்பவில்லை.

அன்று மத்தியானமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

மறுநாள் கூடத்தில் பேச்சு காதில் விழுந்தது. “பொண்ணு வரலையாமே?” “ஐஸ் கம்பெனியில லீவு தரலையாம்.” யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இந்த மனுஷனைச் சிரித்துக்கொண்டேவா புதைக்கப் போகிறார்கள் என்று ஞானபாய் அந்தப் பக்கம் முறைத்தாள்.

போன் அடித்தது. வீடியோவில் ஜாய்ஸ், பின்னால் ஒரே வெள்ளை.

“காத்து அடங்கலைம்மா. பிளேன் வரல.”

அப்பா முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அய்யாத்துரை மாமாகிட்ட போனைக் குடுங்கம்மா,” என்றாள்.

இரண்டு படங்கள் வந்தன.

“கேமராவைப் பாறையில கட்டியிருக்கோம் மாமா, அது அசையாது. இது நேத்து மத்தியானம். இது இப்போ.”

முதல் படத்தில் கம்பு, தூரத்துக் கறுப்புக் குன்றின் முனைக்கு இந்தப் பக்கம். அடுத்ததில் அந்தப் பக்கம்.

“முப்பத்தோரடி. என் கணக்குக்கு ஓரடிதான் வித்தியாசம்.”

“எந்தக் கம்பையும் காட்டலாமே, மக்கா...” என்ற அய்யாத்துரை கண்ணாடியை மாட்டிப் படத்தைப் பெரிதாக்கினார். கம்பின் உச்சியில் பச்சைக் கட்டம், சிவப்புக் கரை.

“இது என் தறித் துண்டுல்லா!”

“அப்பா தோள்ல கெடந்தது மாமா. கொடியாக் கட்ட எடுத்துட்டு வந்தேன்.”

ஞானபாய் எழுந்து போய்க் கணவரின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில், பிந்தி வந்த மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டார்: “செத்தாலும் நடப்பேன்னு அளந்தாராமே, அண்ணாச்சி?”

பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்த அய்யாத்துரை அப்படியே நின்றார்.

“மரியாதையாப் பேசும் வே. நடந்திருக்காரு. நான் பாத்தேன்.”